நாலு விரல் உயரம்

விஜயத்தின் சக்கர நாற்காலியைவிடக் காரின் முன்சீட்டு நாலு விரல் உயரமாக இருந்தது. அந்த நாலு விரலை ஏறிக் கடக்க அவளுக்கு வழியில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, இரண்டாவது காலைத் தரையில் வைக்குமுன் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். நடைபாதைக் கல்லின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தாள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

அன்றைக்குக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். சாலை என்கிற கடைத்தெருவில் அவளுடைய அண்ணன் தளவாய்க்கு ஹார்டுவேர் கடை. அப்பா காலத்துக் கடை. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அதன் கவுண்டரில் உட்கார்ந்தவள் விஜயம். யாராவது துருப்பிடித்த ஒரு நட்டைக் கொண்டுவந்து நீட்டினால், அதை விரலில் உருட்டிப் பார்த்து, எந்த அலமாரியில் எந்த டப்பா என்று பையன்களுக்குச் சொல்லுவாள். குழந்தை இல்லை என்கிற பேச்சு சொந்தக்காரர்களிடையே வரும்போதெல்லாம் அவள் கடைக்குக் கிளம்பிவிடுவாள். அவளுக்கு என்று இருந்தது அந்தக் கவுண்டர்தான்.

அவள் கணவன் தாணுமாலையனுக்கு ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் செய்கிற வேலை. ஆபீஸ் ஆபீஸாகப் போய், மெஷினைத் திறந்து, மாட்டிக்கொண்ட காகிதத்தை எடுத்து, தேய்ந்த உருளையை மாற்றி, மூடி வைத்துவிட்டு வருவான். எந்தப் பொருள் கெட்டாலும் திறந்து பார்த்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த வேலையிலேயே அவனுக்கு ஊறிப்போயிருந்தது. கரமனையில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. விஜயம் விழுந்த பிறகு, கதவு உயரமாக இருக்கும், தூக்கி வைக்க வசதி என்று நாலுபேர் சொல்லி, பழைய வேகன் ஆர் ஒன்றை வாங்கினான்.

தூக்கி வைக்க வசதிதான். பக்கத்து வீட்டு அனீஷ் டாக்ஸி ஓட்டுபவன், நல்ல உடம்பு. அவன் அக்குளுக்குக் கீழே கை கொடுப்பான், தாணு முழங்காலைப் பிடிப்பான். "சேச்சி, பேடிக்கண்டா, இப்போ கழியும்" என்று, பயப்படாதீர்கள், இப்போது முடிந்துவிடும் என்பதை மலையாளத்தில் சொல்லிக்கொண்டே அனீஷ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். நல்ல பையன். அந்த முகத்திருப்பலைத்தான் விஜயத்தால் தாங்க முடியவில்லை. ஒருநாள் தூக்கும்போது நைட்டி கேட்டின் கொக்கியில் மாட்டி முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சந்தில் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்: "என்னைய இனி ஆஸ்பத்திரிக்கு மட்டும் தூக்கினா போரும். வேற எங்கயும் நான் வரல்ல."

"கடைக்கு?"

"மூட்டை மாதிரி போய் இறங்கதுக்கா?"

அதற்குப் பிறகு அவள் வெளியே போகவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். டி.வி. ஓடும், பார்க்க மாட்டாள். தளவாய் வாரத்துக்கு ஒருமுறை வந்து கடை விஷயம் சொல்லுவான். முதலில் கேள்வி கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்த பெண், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு வழவழப்பான பலகையின் மேல் நகர்ந்து போகக் கற்றுக்கொடுத்திருந்தாள். இரண்டு பக்கமும் சம உயரமாக இருந்தால் விஜயம் தன் கைகளாலேயே நகர்ந்துவிடுவாள். காரில் அது நடக்கவில்லை. மேட்டில் ஏறுவது போலப் பலகை சாய்ந்து நின்றது. தாணு நாற்காலியில் ஒரு தடித்த பஞ்சு மெத்தையைப் போட்டு உயர்த்திப் பார்த்தான். வயிற்றில் பலமில்லாத உடம்பு, மெத்தையின் மேல் நிலைகொள்ளாமல் முன்பக்கமாகச் சரிந்து அவன் மேலேயே விழுந்தாள். அந்த மெத்தையை அவள் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னாள்.

இரண்டாயிரத்து நாலு பிப்ரவரியில், கவடியார் பக்கம் ஓர் ஆபீஸுக்குப் போனபோது, வாசலில் நின்றிருந்த காரைத் தாணு பார்த்தான். தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பது போல ஒரு கார். சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. ஸ்டைலுக்காகப் பையன்கள் செய்வது. காருக்குச் சொந்தக்காரப் பையன் வரும்வரை வெயிலில் நின்று விசாரித்தான். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டி தாழும், கோயம்புத்தூரில் கிடைக்கும் என்று அவன் ஒரு நம்பரும் கொடுத்தான்.

தாணு போன் செய்தான். கடைக்காரர் கேட்டார்: "ரேஸுக்குங்களா, ஷோவுக்குங்களா?"

"எனக்க வீட்டுக்காரி ஏறி இருக்கதுக்கு."

அவருக்குப் புரியவில்லை. தாணு விளக்கிச் சொன்னதும் அளவுகளைக் கேட்டுக் கணக்குப் போட்டார். "நாலு விரல் வராதுங்க. மூணு வரும். பள்ளம் மேட்டுல அடியில தட்டும், அது பரவால்லீங்களா?"

"தட்டட்டும். மீதிய சீட்டுப் பஞ்ச வெட்டிச் சரியாக்கிருவேன்."

நாலு ஸ்பிரிங்குகளும் சாக்கில் சுற்றி லாரி பார்சலில் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தன. அவன் வழக்கமாக வண்டி விடுகிற வொர்க்ஷாப்காரர், இந்த ஊர் ரோட்டுக்கு இதெல்லாம் ஆகாது, நான் தொடமாட்டேன் என்றுவிட்டார். தாணு அதைச் சொன்னபோது, விஜயம் பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நாமளே மாட்டுனா என்ன? ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் எல்லாம் அண்ணன் கடைல கெடக்குல்லா?"

தளவாய் கடை டிராலியில் எல்லாவற்றையும் அனுப்பினான். கூடவே போனில், "மாப்ள, இது வொர்க்ஷாப்பில செய்யுத வேலையாக்கும், பாத்து" என்றும் சொன்னான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி மட்டும் கடையில் இல்லை. இரண்டு நீளத் திருகுகள், ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் கொக்கி. அதை அனீஷ் யாரிடமோ இரவல் வாங்கி வந்தான். "சேட்டா, சூக்ஷிக்கணம். ஸ்பிரிங் தெறிச்சால் ஆளு தீர்ந்நு" என்று எச்சரித்துவிட்டு, விமான நிலையச் சவாரிக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தொடங்கினார்கள். கேட்டுக்கு உள்ளே கார், அதன் பக்கத்தில் சுவரோரமாக விஜயத்தின் நாற்காலி. மடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின். கழற்றுகிற ஒவ்வொன்றையும் தாணு அதில் போட, அவள் துணியால் துடைத்து, எது எங்கேயிருந்து வந்தது என்று பிரித்துப் பிரித்து வைத்தாள்.

முன்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் குழாயை விடுவித்தான். சக்கரத்தின் பக்கமாக இருந்த இரண்டு பெரிய போல்ட்டுகளில் ஒன்று அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று பார்த்தான்.

"அது பதினெட்டு இல்ல, பதினேழு" என்றாள் விஜயம். "வழுக்கி வழுக்கி மூலைய திங்குதுல்லா? மாத்திப் போடுங்க. மண்ணெண்ண ஊத்திட்டுக் கொஞ்சம் இருங்க. அவசரப்பட்டா முறியும்."

மண்ணெண்ணெய் இறங்கும்வரை இருவரும் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார்கள். போல்ட் கழன்று வந்தது. பானெட்டைத் திறந்து மேலே இருந்த நட்டுகளையும் எடுத்ததும், ஸ்பிரிங்கும் அதன் நடுவிலிருந்த தண்டும் ஒன்றாகக் கையோடு வந்தன. இறந்த மிருகத்தின் கால் போலக் கனமாக இருந்தது. அதைச் சாக்கின் மேல் கிடத்தி, இரண்டு பக்கமும் கொக்கித் திருகுகளை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினான். ஸ்பிரிங் முனகிக்கொண்டே சுருங்கியது.

முதல் பக்கம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது பக்கத்தில், ஸ்பிரிங் முக்கால்வாசி சுருங்கியிருந்தபோது விஜயம் கத்தினாள்.

"கைய எடுங்க! கொக்கி நீங்குது!"

அவன் பின்னால் விழுந்தான். வெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஸ்பிரிங் குதித்துக் கேட்டின் கம்பியில் மோதி, கம்பியை வளைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் போய் உருண்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். தாணு தன் பத்து விரல்களையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்.

விஜயம் சிரித்தாள். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல். "எல்லாம் உண்டா? எண்ணிப் பாருங்க!" என்றாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தான். அப்போதுதான் அவளுடைய பாதத்தைப் பார்த்தான். தெறித்துப் போன ஏதோ ஒரு வாஷர் அவள் பெருவிரலைக் கிழித்திருந்தது. கால் வைக்கிற தகட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள். குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அவன் கழுவி, மருந்து வைத்துக் கட்டினான். "செரி, வலிக்கவா செய்யுது? வேலையப் பாருங்க" என்றாள்.

மத்தியானச் சோறு உண்டபின் பின்பக்கம். அது சுலபமாக இருந்தது. அச்சைத் தாழ்த்தியதும் பழைய ஸ்பிரிங்குகள் தாமாகவே வெளியே வந்தன. முன்சீட்டின் பஞ்சையும் ஒரு விரல் கனத்துக்கு வெட்டியெடுத்தான். வெயில் தணியும்போது நாலு சக்கரங்களையும் மாட்டி, ஜாக்கியை இறக்கினான். கார் கீழே வந்தது, பழைய இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கி நின்றது. விஜயம் நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்து, சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே நாற்காலிக்குக் கொண்டுவந்தாள். கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் மூன்று நாலு தடவை அப்படிச் செய்து பார்த்தாள்.

மறுநாள் காலை சேலை உடுத்தினாள். விழுந்த பிறகு முதல்தடவையாக. பழைய அலமாரித் தட்டு ஒன்றை மெழுகு தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள், அதுதான் பலகை. தாணு பக்கத்தில் வந்தபோது, "தொடாதிங்க. விழுந்தாலும் தொடாதிங்க" என்றாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பலகையை வைத்து, ஒரு கையை சீட்டிலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். நடுவில் நின்றாள். மூச்சு வாங்கியது. உதட்டுக்கு மேலே வியர்வை. மறுபடியும் நகர்ந்தாள். சீட்டில் உட்கார்ந்து, கால்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

தாணு நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்குச் சாவியைப் போடக் கை வரவில்லை.

"அழதெல்லாம் பொறவு அழலாம்" என்றாள் அவள். "சாலைக்குப் போங்க."

கேட்டுக்கு வெளியே ஓடையின் மேல் போட்டிருந்த ஸ்லாப்பில் காரின் அடிவயிறு உரசியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடை வாசலில் ஒரே ஒரு படி. சிமென்ட் மூட்டை ஏற்றுகிற பலகை ஏற்கெனவே அங்கே கிடந்தது. தளவாய் தங்கையைப் பார்த்ததும் பில் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, கவுண்டரிலிருந்த முக்காலியை இழுத்து அந்தப் பக்கம் தள்ளினான். அந்த இடத்தில் விஜயத்தின் நாற்காலி போய் நின்றது.

அந்தக் கோடைகாலம் முழுவதும் தாணுவுக்குத் தன் வீடே வேறு ஒரு வீடு மாதிரி இருந்தது. காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவான், சாயங்காலம் போய்க் கூட்டிவருவான். வீட்டுக்கு வந்தபின்பும் அவள் கடையைப் பற்றியே பேசுவாள். வித்துராவிலிருந்து கீல் வாங்க வந்தவர் இவளைப் பார்த்துவிட்டு, "செத்துப் போயிட்டீங்கன்னுல்லா சொன்னாங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டதைச் சொல்லிச் சிரித்தாள்.

விழுந்த நாளிலிருந்து ஒரு வேலையைத் தாணு தினமும் செய்துவந்தான். படுக்கும்முன் அவளைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகையும் இடுப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பான். எங்காவது சிவந்திருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா என்று. உணர்ச்சியில்லாத உடம்பில் புண் வந்தால் யாருக்கும் தெரியாமலே ஆழமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிவிடவும் சொல்லியிருந்தார்.

மே மாதத்தில் ஒருநாள் விஜயம் சொன்னாள்: "இனி நானே குளிச்சு, நானே கண்ணாடி வச்சுப் பாத்துக்குவேன். குளிப்பாட்டுகது, துடைக்கது, திருப்பிப் பாக்கது... எத்தன நாளைக்கு நீங்க எனக்கு ஆயாவா இருப்பிய? கொஞ்சம் புருசனாவும் இருங்க."

அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கைப்பிடி நீளமான கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தான்.

மழைக்காலம் கழிந்து ஓணம் நெருங்கியது. ஊரில் எல்லா வீட்டிலும் பெயின்ட் அடிக்கிறார்கள், கதவு மாற்றுகிறார்கள். கடையில் நிற்க இடமில்லை. விஜயம் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காரில் ஏற அவள் இப்போது நேரம் எடுத்துக்கொள்வதில்லை. பலகையில் சர்ரென்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் வேகத்தைப் பார்த்து அனீஷ்கூடக் கைதட்டினான்.

ஓணம் முடிந்த வாரம், ஒரு மத்தியானம் தளவாய் தாணுவுக்குப் போன் செய்தான். "மாப்ள, கொஞ்சம் வாரியளா? விஜயம் பேசிக்கிட்டேதான் இருக்கா. ஆனா என்ன பேசுகான்னு மனசிலாவல்ல."

தாணு போனபோது அவள் கவுண்டரில் இருந்தாள். கண்கள் சிவந்து பளபளத்தன. முன்னால் ஒரு ஆள் பைப் வளைவு கேட்டு நிற்க, அவள் அவரிடம் சோறு வடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றி கொதித்தது. பக்கத்தில் போனதும் அவனுக்கு அந்த நாற்றம் தெரிந்தது. கடையில் பெயின்ட், டர்பன்டைன் வாசனையில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. வீட்டில் அவள் கொஞ்ச நாளாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்ட பவுடரையும் சென்டையும் ஓணத்துச் சந்தோஷம் என்று அவன் நினைத்திருந்தான்.

தானாக ஏறும் நிலையில் அவள் இல்லை. தளவாயும் சுமை தூக்குகிற தொழிலாளிகள் இரண்டுபேரும் தூக்கினார்கள். கார் தாழ்ந்திருந்ததால் அவர்களால் நிமிர்ந்து நின்று உள்ளே வைக்க முடியவில்லை. ஒருவர் முட்டிபோட்டார், அவளுடைய தலை கதவின் மேற்பகுதியில் இடித்தது. தெருவே நின்று பார்த்தது. விஜயத்துக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, உள்பாவாடையை வெட்டி எடுத்தார்கள். உட்காரும் எலும்பின் மேலே ஒட்டியிருந்த பஞ்சையும் பிளாஸ்டரையும் நர்ஸ் பிரித்ததும் தாணு பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதன் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தினம் யார் பார்ப்பது?" என்று டாக்டர் கேட்டார்.

தாணுவின் கண் பிளாஸ்டரிலேயே இருந்தது. அது ஒருநாள் ஒட்டியது அல்ல. பழைய பசையின் கறுப்புக் கோடுகள், ஒன்றைச் சுற்றி ஒன்றாக, தோலில் படிந்திருந்தன. யாரோ பல தடவை மாற்றி மாற்றி, ஓரம் பிசகாமல் நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்.

எலும்பிலும் சீழ் இறங்கியிருந்தது. முதல் ஆபரேஷனில் அழுகியதை வெட்டி எடுத்தார்கள். இரண்டாவதில் தொடைச் சதையைத் திருப்பிக் குழியில் வைத்துத் தைத்தார்கள். ஒரு பக்கம் பிடித்தது, ஒரு பக்கம் பிடிக்காமல் மறுபடியும் பிரிந்தது. காய்ச்சல் இறங்கி, அவளுக்குப் பேச்சுத் தெளிந்த பிறகு ஒருநாள், வார்டில் பார்வையாளர்கள் எல்லாம் போனபின் தாணு கேட்டான்.

"எப்பம் பாத்தே?"

அவள் கவிழ்ந்து படுத்திருந்தாள். ஒரு கன்னம் தலையணையில் நசுங்கியிருந்தது. "ஓணத்துக்கு ரொம்ப முன்ன. பாவாடைல கறை இருந்துது. கிரீஸுன்னு நெனச்சேன். பொறவு கண்ணாடில பாத்தேன்."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா விடமாட்டிய."

"விடமாட்டேன்தான். படுத்து ரெண்டு மாசம் ஆறப்போட்டிருந்தா..."

"ரெண்டு மாசம்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டு மாசம்னு படுப்பேன். பொறவு இன்னும் ரெண்டு மாசம்பாவ. அண்ணன் வேற ஆளப் போட்டிருவான். மறுபடியும் அந்த ஜன்னல். எனக்குத் தெரியும்லா."

"செத்திருப்பே, விஜயம்."

"தெரிஞ்சுதான் போனேன்."

பக்கத்துக் கட்டில்காரி இருமினாள். தாணு தாழ்ந்த குரலில் கேட்டான்: "என்னைய நெனச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். "ஒவ்வொரு நாளும் ஒட்டும்போ நெனச்சேன். நெனச்சிட்டுத்தான் ஒட்டுனேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு எழுந்து வராந்தாவரை போனான். அங்கே நின்று யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தான். அவள் கேட்டது ஒரு இடம். காரைத் தாழ்த்தி அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுபோனது தன் கைதான். திரும்பி வந்து மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

கிறிஸ்துமஸ் கழிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில், கவிழ்ந்த நிலையிலேயே. புண் முழுவதும் மூட இன்னும் பல மாதம் ஆகும், அதன் பிறகும் அந்தத் தோல் பழைய தோல் ஆகாது, உட்கார்ந்தால் அரைமணி நேரம், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆயுள் முழுக்கவா என்று தாணு கேட்டதற்கு, அவர் வேறு ஒரு காகிதத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

முன்னறையில் சுவரோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். தளவாய் ஆரஞ்சுப் பையோடு வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்க அவன் குனிய வேண்டியிருந்தது. குனியாமல் நின்றபடியே பேசினான்.

"நான் பாத்திருக்கணும். கண்ணுமுன்னாலதான இருந்தே."

"கவுண்டர்ல யாரு?" என்றாள் விஜயம்.

அவன் தயங்கினான். "கலைச்செல்வின்னு ஒரு பிள்ள. வள்ளியூர்க்காரி. இங்கண புருசனுக்கு ஹோட்டல்ல வேலை."

"கொள்ளாமா? வேலை தெரியுமா?"

"படிச்சிருவா."

விஜயம் தலையைத் தூக்கி, மறுபக்கம் திருப்பி, சுவரைப் பார்த்தபடி வைத்துக்கொண்டாள். அந்தச் சின்னக் காரியத்துக்கே அவளுக்கு நேரமாயிற்று. தளவாய் ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

தாணுவால் சும்மா இருக்க முடியவில்லை. ஆபீஸ்களுக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரத்தில், காற்று அடைக்கிற மெத்தைகளைப் பற்றிச் சென்னைக்குப் போன் செய்து விசாரித்தான். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றிலிருந்து சின்ன மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஒரு சாயங்காலம் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக ஒரு காகிதத்தைப் பிடித்து விளக்கினான்.

"இஞ்ச பாரு. மெத்தைய ரெண்டா பிரிச்சாச்சு. மோட்டார் ஓடும்போ இந்தப் பக்கம் காத்து ஏறும், அந்தப் பக்கம் இறங்கும். பொறவு மாறும். எப்பமும் ஒரே எடத்துல பாரம் நிக்காது. அரைமணிக்கூருங்கது ஒருவேள ஒரு மணிக்கூர் ஆகலாம்."

அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

"இங்கேருந்து சாலைக்குப் போகதுக்கு எவ்வளவு நேரம்?"

"ரோட்டப் பொறுத்து. கிள்ளிப்பாலத்துல பிளாக் இல்லன்னா..."

"திரும்பியும் வரணும்லா?"

அவன் காகிதத்தை மடித்தான். மறுபடியும் பிரித்தான். "கடை இல்லன்னா வேற எங்கயாவது. சங்குமுகம் கடற்கரைக்குப் போய்ட்டு வரலாம். சும்மா கேட்டு வரைக்கும்..."

"வேண்டாம்."

"சும்மா செஞ்சு பாக்கேன்."

"ஒண்ணும் உண்டாக்காண்டாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க ஒண்ணொண்ணா உண்டாக்குவிய. நான் ஒண்ணொண்ணா நம்புவேன். எனக்கு இனி நம்பதுக்குச் சீவன் இல்ல. உங்களுக்கு கைவேலை செய்யாம முடியாதுன்னா ஊர்ல எத்தன மெஷின் கெடக்கு, அதைப் போய் நன்னாக்குங்க. என்னைய விட்டிருங்க."

"எப்படி விடதுக்கு?"

அவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஆனால் அவனைப் பார்க்கவில்லை. தெருவில் அனீஷின் டாக்ஸி வந்து நின்றது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ பைப்படியில் குடத்தை வைத்தார்கள். தாணு கையிலிருந்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தான்.

பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிற நேரம் வந்தது. அவன் எழுந்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, தையல் இழுபடாமல் பையத் திருப்பினான். தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்தான். போர்வையை இழுத்துவிட்டான். இப்போது அவள் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் போய் உட்காரலாம் என்று பார்த்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லை. அவன் பழைய இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.